வாசலில் நின்ற வினா

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



இத்தொடரிலே காவியம் பற்றியும் கவிதை பற்றியும் சிறுகதை பற்றியும் அறிஞர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் சற்று வறண்டது போலத் தோன்றலாம். இலக்கண நூல்களிலே வரும் வினா, விடை என்ற பகுதிதான் அது. ஆனால் அதை நூலின் பக்கத்திலிருந்து தொடங்காமல், பாடசாலை வாசலிலிருந்து தொடங்க விரும்புகிறேன். ஒரு தாயோ தந்தையோ தம் பிள்ளையின் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்வி எந்தச் சொற்களால் அமைகிறதோ, அந்தச் சொற்களே அதைக் கேட்டு நிற்பவர்களின் மறுமொழியையும் பெரும்பாலும் தீர்மானித்து விடுகின்றன. இதுவே நான் சொல்ல வந்த விடயம். இதை நான் இருபது ஆண்டுக் காலமாக ஆசிரியர் அறையின் மேசையிலிருந்து பார்த்து வருகிறேன். ஒருமுறை பெரும் விலை கொடுத்தும் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையை இறுதியிற் சொல்கிறேன்.

முதலில் ஓர் எளிய உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு பையனுக்குத் தவணைப் பரீட்சையிலே கணிதத்தில் 28 புள்ளிகள். தேர்ச்சி அறிக்கையோடு தந்தையார் பாடசாலைக்கு வருகிறார். அவருடைய மனத்திலே இருக்கும் கவலை ஒன்றுதான். ஆனால் அதை அவர் நான்கு விதமாகக் கேட்கலாம்.

"ஏன் சேர் இவனுக்குக் கணக்கில இவ்வளவு குறைஞ்சது?"

"கணக்கு ரீச்சர் ஒழுங்காப் படிப்பிக்கிறவவோ?"

"இவன் ஓலெவல் பாஸ் பண்ணுவானோ?"

"கணக்கில இவனுக்கு எந்த இடம் விளங்கேல்லை சேர்?"

இந்த நான்கு கேள்விகளுக்கும் ஆசிரியர் அறையில் என்ன மறுமொழி கிடைக்கும் என்பதை எந்த ஆசிரியரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். "ஏன்" என்று தொடங்கிய கேள்விக்குக் காரணங்கள் வரும். பையன் வகுப்பிற் கதைக்கிறான், வீட்டுவேலை செய்துவருவதில்லை, வரவு போதாது என்று ஒவ்வொரு காரணமும் பையனின் தலையிலேயே போய் விழும். காரணம் கேட்கப்பட்டவுடன் நாம் எல்லோரும் நம்மிடமிருந்து தள்ளியே காரணத்தைத் தேடுகிறோம். இது மனித இயல்பு. இரண்டாவது கேள்விக்கு மறுமொழியே வராது. சக ஆசிரியரைக் காக்கும் ஒரு மௌனந்தான் வரும். மூன்றாவது கேள்விக்கு "பார்ப்பம்" அல்லது "கஷ்டம்" என்ற ஒற்றைச் சொல் வரும். நான்காவது கேள்விக்கோ ஆசிரியர் பையனுடைய கொப்பியைத் தரச்சொல்லிக் கேட்பார். பக்கங்களைப் புரட்டுவார். "பின்னத்தைக் கூட்டுற இடத்திலதான் தடுமாறுறான், ஏழாம் வகுப்பிலேயே விட்டிருக்கிறான்" என்பார். அங்கேதான் மூவரும் ஒரே பக்கத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

பையன் ஒருவன்; புள்ளி ஒன்று; கவலையும் ஒன்று. மாறியது கேள்வியின் சொல் மாத்திரமே.

இதிலே நம்முடைய மொழியின் அமைப்புக்கும் பங்கு உண்டு. தமிழில் வினாவை உணர்த்தும் எழுத்துகளை நன்னூலார் ஐந்தாக எண்ணுகிறார். எகரமும் யாவும் சொல்லின் முதலில் வரும். ஆகாரமும் ஓகாரமும் சொல்லின் ஈற்றில் வரும். ஏகாரம் இரண்டு இடத்திலும் வரும். தொல்காப்பியத்திலே ஆ, ஏ, ஓ என்ற மூன்றே வினாவெழுத்துகளாகச் சொல்லப்பட்டன. மாணவர்கள் இதை மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பாகுபாட்டுக்குள்ளே ஓர் ஆழமான வேறுபாடு இருக்கிறது. சொல்லின் ஈற்றிலே ஆவோ ஓவோ வந்து நிற்கும் வினா, கேட்பவர் ஏற்கனவே ஒரு செய்தியை முழுதாக அமைத்துவிட்டு அதன் வாலிலே ஒரு கொக்கியை மாட்டுவது போன்றது. "இவன் பாஸ் பண்ணுவான்" என்ற வாக்கியம் முழுமையாக இருக்கிறது; அதிலே ஓகாரம் சேர்ந்தவுடன் "ஓம்" அல்லது "இல்லை" என்ற இரண்டு கதவுகளே திறக்கின்றன. எங்கே, எப்படி, எது, என்ன என்று முதலிலே எகரம் பெற்று வரும் வினா அப்படியன்று. அது வாக்கியத்திலே ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, அதை நிரப்பித் தரும்படி மற்றவரை அழைக்கிறது.

யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே நாங்கள் ஓகாரத்தை நிறையவே கையாளுகிறோம். "வந்தனீங்களோ", "சாப்பிட்டாச்சோ", "சுகமோ" என்று கேட்பது நமது பண்பு. அதிலே ஒரு மரியாதையும் மென்மையும் உண்டு. தமிழகத்து நண்பர் ஒருவர் அது காதுக்கு இனிமையாக இருக்கிறது என்று என்னிடம் சொன்னதுண்டு. ஆனால் பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேசும்போதும் அதே ஓகாரத்தோடுதான் போகிறோம். "படிக்கிறானோ? பாஸோ? நல்ல பிள்ளையோ?" இவற்றுக்குக் கிடைப்பது ஓம், இல்லை என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை முடிவு வரும் வாரத்திலே ஊரெல்லாம் இந்த ஓகாரந்தான் ஒலிக்கும். வெட்டுப்புள்ளிக்கு ஓரிரு புள்ளி குறைந்த பிள்ளை, "பாஸோ?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று சொல்லிச் சொல்லியே அந்த வாரத்தைக் கழிக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்லவேண்டிய சொல் என்று எண்ணிப் பாருங்கள். "எந்தப் பகுதி உனக்கு விருப்பமாயிருந்தது?" என்று அயலவர் ஒருவர் கேட்டால், அதே பிள்ளை ஒரு முழுக் கதை சொல்லும்.

இனி நன்னூலுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டிலே சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நூல் அது. அதன் சொல்லதிகாரத்தின் பொதுவியலிலே வினா ஆறு வகை என்றும் விடை எட்டு வகை என்றும் வகுக்கப்பட்டுள்ளன. தான் அறிந்த ஒன்றைப் பிறர் அறிவாரோ என்று பார்ப்பதற்குக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனிடம் கேட்பது. அறியாததை அறியக் கேட்பது அறியாவினா. இதுவா அதுவா என்று தடுமாறிக் கேட்பது ஐயவினா. கடைக்காரரிடம் பயறு உண்டோ என்பது கொளல்வினா. அது வாங்குவதற்காகக் கேட்பது. ஒருவனுக்கு உடை இல்லையோ என்று கொடுப்பதற்காகக் கேட்பது கொடைவினா. உண்டாயோ என்று கேட்டு உண்ணும்படி ஏவுவது ஏவல்வினா.

இந்த ஆறிலும் என்னை வியக்கச் செய்வது யாதெனில், நன்னூலார் வினாவை அதன் சொல்லைக் கொண்டு வகைப்படுத்தவில்லை. கேட்பவரின் மனத்தைக் கொண்டு வகைப்படுத்தினார். "பயறு உண்டோ" என்பதும் "உடை இல்லையோ" என்பதும் சொல்லமைப்பிலே ஏறத்தாழ ஒன்றுதான். ஒன்று வாங்க வந்தவரின் கேள்வி. மற்றது கொடுக்க வந்தவரின் கேள்வி. ஆகவே வினாவுக்குச் சொல் என்று ஒரு பக்கமும் கருத்து என்று ஒரு பக்கமும் உண்டு. இரண்டும் எப்போதும் ஒன்றாக நிற்பதில்லை. பெற்றாருடைய கேள்வியிலே இந்த இடைவெளிதான் பெரும் பிரச்சினையாகி விடுகிறது.

விடையின் எட்டு வகையையும் பாருங்கள். சுட்டு, மறை, நேர் என்ற முதல் மூன்றும் நேரடியான விடைகள். மற்றைய ஐந்தும் சுற்றி வருவன. நீயே செய் என்று கேட்டவரையே ஏவுவது. வினாவுக்கு எதிராக வினாவையே எழுப்புவது. தனக்கு நேர்ந்ததைச் சொல்வது. இனி நேரப்போவதைச் சொல்வது. கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது. ஆசிரியர்களாகிய நாங்கள் பெற்றாருக்குச் சொல்லும் விடைகளிலே இந்த ஐந்தும் தாராளமாகக் காணப்படும். "வீட்டில நீங்கள் கொஞ்சம் கவனியுங்கோ" என்பது ஏவல் விடை. "வீட்டில அவன் கொப்பியைத் திறக்கிறதை நீங்கள் கண்டனீங்களோ?" என்பது வினா எதிர் வினாதல். "ஒரு வகுப்பில நாற்பத்தைஞ்சு பிள்ளையள், எனக்குத் தொண்டையே போச்சுது" என்பது உற்றது உரைத்தல். "இப்பிடியே போனால் பெயில்தான்" என்பது உறுவது கூறல். "இவற்ற தமையன் எவ்வளவு கெட்டிக்காரன்" என்பது இனமொழி. பெற்றார் கேட்ட கேள்விக்கு இவை ஒன்றும் விடையல்ல என்று சொல்ல முடியாது. நன்னூல் இவற்றையும் விடையென்றே ஏற்கிறது. ஆனால் வந்தவர் வெறுங்கையோடு போகிறார்.

இதுவரை ஆசிரியரிடம் கேட்கும் கேள்வியைப் பார்த்தோம். பெற்றார் பலர் கூடியிருக்கும் கூட்டத்திலே இந்த விடயம் இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே ஒருவர் கேட்கும் கேள்வி மற்றைய பெற்றார் எல்லாருடைய எண்ணத்தையும் ஒரு பக்கமாகத் திருப்பிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒன்பதாந் தர மாணவரின் பெற்றார் கூட்டம் ஒன்றிலே நான் இருந்தேன். தந்தையார் ஒருவர் எழுந்து, "பின்னேரம் முழுக்க இதுகள் விளையாட்டிலேயே நேரத்தை வீணாக்குதுகள். இதை எப்பிடி நிப்பாட்டலாம்?" என்று கேட்டார். அவர் நல்ல மனிதர். உண்மையான கவலையோடுதான் கேட்டார். "எப்படி" என்று விரிந்த வினாவாகத்தான் கேட்டார். ஆனாலும் நடந்தது என்ன? ஒருவர், சைக்கிளைப் பூட்டி வைக்கச் சொன்னார். இன்னொருவர், மைதானத்தை நாலரை மணிக்கே மூடும்படி அதிபரைக் கேட்போம் என்றார். மூன்றாமவர் மூன்று மணிக்கே தொடங்கும் ஒரு ரியூசன் வகுப்பின் பெயரைச் சொன்னார். பதினைந்து நிமிடமாக யோசனைகள் வந்துகொண்டே இருந்தன. விளையாட்டு வீண்தானோ என்று ஒருவரும் கேட்கவில்லை. ஏனெனில் "வீணாக்குதுகள்" என்ற சொல் கேள்விக்கு வெளியிலே, தீர்ந்துபோன செய்தியாக நின்றது. "எப்படி" என்பதற்கு மாத்திரமே எல்லாரும் விடை தேடினார்கள்.

வினைச்சொல் ஒன்றுக்கு இருக்கும் இந்த வல்லமையை உளவியலாளர்கள் பரிசோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலே எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இருவர் மாணவர்கள் 45 பேருக்கு மோட்டார் வாகன விபத்துப் படங்களைக் காட்டினார்கள். பின்னர் வாகனங்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ற கருத்துள்ள சொல்லாலும், சிலரிடம் "ஒன்றையொன்று தொட்டபோது" என்ற கருத்துள்ள சொல்லாலும் கேட்டார்கள். நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், தொட்டது என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8 மைல். பார்த்த படங்கள் ஒன்றே. இன்னொரு பரிசோதனையிலே ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டபோது, நொறுங்கியது என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றார்கள். மோதியது என்று மாத்திரம் கேட்டிருந்த 50 பேரில் 7 பேரே அவ்வாறு சொன்னார்கள். படத்திலே உடைந்த கண்ணாடி இருக்கவே இல்லை. கேள்வியின் சொல் விடையை மாத்திரமன்றி, கண்ட காட்சியின் ஞாபகத்தையும் மாற்றிவிட்டது.

நம்முடைய கூட்டத்திலும் அதுதான் நடந்தது. "வீண்" என்ற சொல்லைக் கேட்டபின், தம் பிள்ளை மைதானத்திலிருந்து சிரித்தபடி வந்த மாலைப் பொழுதுகள்கூட அந்தப் பெற்றாருக்கு இழந்துபோன நேரமாகவே ஞாபகம் வந்தன.

அப்போது பின்வாங்கிலே இருந்த ஒரு தாயார் எழுந்தார். அதிகம் பேசாதவர். "என்ர மகன் விளையாடியிட்டு வந்தால் முகம் கழுவிப்போட்டு ஒரு மணித்தியாலம் நல்லாப் படிப்பான். மற்றப் பிள்ளையள் வீட்டுக்கு வந்து எந்த நேரத்தில நல்லாப் படிக்குதுகள்?" என்று கேட்டார். யாருக்கும் மறுப்புச் சொல்லவோ யாரையும் குற்றஞ்சாட்டவோ அவர் முயலவில்லை. தமக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லி, மற்றவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்டார். கூட்டத்தின் போக்கு மாறியது. ஒருவர், தம் மகள் விடிய நாலரைக்கு எழுந்து படிப்பதுதான் மனதில் நிற்கிறது என்றார். ஒருவர், தம் மகன் கொப்பியின் மேலேயே தலைவைத்து நித்திரையாகிறான் என்றார். எந்தெந்த நாட்களில் என்று அதிபர் கேட்டார். யோசித்துவிட்டு, ரியூசன் உள்ள நாட்களில் என்றார். பிள்ளைகள் வீட்டுக்கு மிகவும் பிந்தி வருவது விளையாட்டு நாட்களிலன்று, ரியூசன் நாட்களிலே என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரியவந்தது. சைக்கிளைப் பூட்டச் சொன்னவரே அதை முதலில் ஒத்துக்கொண்டார்.

கேள்வி மாறியவுடன் உண்மை வெளிவருவதற்கு நம் இலக்கியத்திலே பெரிய சாட்சி ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை நினைத்துக்கொள்ளுங்கள். கோவலன் கள்வனா இல்லையா என்ற இடத்திலேயே பாண்டியன் நின்றிருந்தான். பொற்கொல்லன் சொல்லைக் கேட்டவன், சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் கொன்று அதைக் கொண்டு வாருங்கள் என்றான். சிலம்பு கையில் இருந்தது. ஆகவே ஓர் உயிர் போயிற்று. கண்ணகி சபைக்கு வந்தபின்னர்தான், சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் எது என்ற இடத்துக்கு வழக்கு வந்து சேர்ந்தது. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் அவள். தேவியின் சிலம்பில் முத்து என்றான் அவன். உடைத்தார்கள், உண்மை வெளிப்பட்டது. உள்ளே என்ன என்று முன்னரே கேட்டிருந்தால் உடைந்திருக்கவேண்டியது ஒரு சிலம்பு மாத்திரமே. மன்னன் பொல்லாதவனல்லன். தவறென்று தெரிந்தவுடன் உயிரை விட்டவன். ஆனால் உரிய வினாவை அவன் உரிய நேரத்திலே கேட்கவில்லை.

பாண்டியனைப் பற்றி வகுப்பிலே பல தடவை பேசியிருக்கிறேன். அதே பிழையை நானும் செய்தேன் என்பதை இப்போது சொல்லவேண்டும்.

2012ஆம் ஆண்டு வன்னியிலே மீள்குடியேறிய கிராமப் பகுதியொன்றின் பாடசாலையிலே கடமையாற்றினேன். பாடசாலை பிரதான வீதியோரமாக இருந்தபடியால் மின்சாரம் இருந்தது. உள்ளே இருந்த குடியிருப்புகளுக்கு அது வந்து சேரவில்லை. பத்தாந் தரத்திலே என் வகுப்பில் ஒரு பையன். தமிழிலே கட்டுரை நன்றாக எழுதுவான். மற்றைய பாடங்களிலே பின்தங்கியிருந்தான். ஒருநாள் இடைவேளை நேரம் அவனுடைய தாயார் ஆசிரியர் அறை வாசலுக்கு வந்தார். கச்சான் பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறவர். அன்றைக்கு வேலையை விட்டு, நல்ல சேலை ஒன்றை உடுத்துக்கொண்டு வந்திருந்தார். மகன் அவருக்குப் பின்னால் நின்றான். உள்ளே நாங்கள் ஐந்தாறு பேர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நான் இருந்த இடத்திலிருந்தே, "என்னம்மா?" என்றேன்.

அவர் ஒரு கணம் தயங்கினார். பின்பு, "சேர், இவன் ஓலெவல் பாஸ் பண்ணுவானோ?" என்று கேட்டார்.

"இப்பிடியே போனால் கஷ்டந்தான் அம்மா" என்றேன் நான். பக்கத்திலிருந்த இன்னோர் ஆசிரியர், "கணக்கும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை" என்றார். மற்றொருவர், "வேற ஏதும் தொழில் பழக்கிறதெண்டால் இப்பவே பார்க்கலாம்" என்றார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் கடுமையாகப் பேசவுமில்லை. கேட்ட கேள்விக்கு விடை சொன்னோம். அந்த அம்மா, "சரி சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை பையன் வரவில்லை. அதற்கடுத்த கிழமையும் வரவில்லை. வரவுப் பதிவேட்டிலே சில காலம் அவன் பெயருக்கு நேரே வட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். பின்னர் பெயரையும் நீக்கினோம்.

2018இல் கிளிநொச்சி நகரிலே என் மோட்டார்ச் சைக்கிள் இடையில் நின்றுவிட, உருட்டிக்கொண்டு ஒரு திருத்துமிடத்துக்குப் போனேன். அங்கே எண்ணெய்க் கையோடு எழுந்து நின்று "சேர்" என்றவன் அவன்தான். அன்போடு கதிரை தந்தான். காசு வாங்க மறுத்தான். பேச்சோடு பேச்சாக, "அண்டைக்கு நான் அப்பிடிச் சொன்னதிலதான் நீ நிண்டனியோ?" என்று கேட்டேன். அவன் சிரித்தான்.

"அம்மா அண்டைக்குக் கேக்க வந்தது அது இல்லை சேர். வீட்டில குப்பி விளக்கு ஒண்டுதான். தங்கச்சியாக்களும் அதிலதான் படிக்கிறது. பள்ளிக்கூடத்தில பின்னேரம் லைற்றுக்குக் கீழ இருந்து படிக்க விடுவியளோ எண்டுதான் கேக்க வந்தவ. வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிக்கொண்டு வந்தவ. உங்கள் எல்லாரையும் கண்டவுடன அது வாயில வரேல்லை" என்றான்.

பாடசாலையின் திறப்பு அந்தக் காலத்திலே என் வீட்டு ஆணியில்தான் தொங்கியது, நேயர்களே. கேட்டிருந்தால் அன்று மாலையே ஒரு வகுப்பறையைத் திறந்து விட்டிருப்பேன். அதிலே யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

அந்தத் தாயின் கேள்வி, சொல்லளவிலே, எதிர்காலத்தைப் பற்றிய ஓர் ஐயவினா. கருத்தளவிலே அது ஒரு கொளல்வினா. ஓர் உதவியைப் பெற்றுக்கொள்ள வந்தவரின் வினா. நான் சொல்லுக்கு மாத்திரம் விடை சொன்னேன். உறுவது கூறல் என்று நன்னூலார் சொன்ன வகையிலே விடை சொன்னேன். நான் கூறியது போலவே உற்றது.

நான் பெற்றாரைக் குறை சொல்வதாக ஒருவரும் எண்ணவேண்டாம். "இப்படிக் கேளுங்கள், அப்படிக் கேளாதீர்கள்" என்று பெற்றாருக்குப் பாடம் நடத்துவது எளிது. சக பெற்றாரோடு சமமாக இருந்து பேசும் கூட்டத்திலே அது ஓரளவு பொருந்தும். ஏனுக்குப் பதிலாக எங்கே என்றும், பாஸோ என்பதற்குப் பதிலாக எது விளங்கவில்லை என்றும் கேட்டுப் பாருங்கள். குற்றச்சாட்டை வினைச்சொல்லுக்குள் ஒளித்து வைக்காமல் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு மாற்றத்தின் பயன் உங்களுக்கே தெரியும். ஆனால் ஒருநாட் கூலியை இழந்து, ஐந்தாறு பட்டதாரிகள் பார்த்திருக்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு தாய்க்குச் சொற்களைத் தெரிந்தெடுக்க அவகாசம் ஏது? எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று ஊரிலே ஏற்கனவே புழங்குகிறது. அதையே அவர் எடுத்துக்கொள்கிறார். 1945இல் கன்னங்கரா அவர்களின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, பாடசாலை வாசலிலே கட்டணம் என்ற தடை நீங்கியது. நாவிலே இருக்கும் தடையை எந்தச் சட்டத்தாலும் நீக்க முடியாது. அதை நீக்கவேண்டியவர்கள் உள்ளே கதிரையில் இருக்கும் நாங்கள்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்திலே வினாவும் விடையும் வழுவாமற் காக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, வினாவுக்கு எதிராக வினாவே வந்தாலும் அதுவும் விடையே என்று ஏற்றுக்கொள்கிறார். முன்பெல்லாம் இதை நான் தப்பித்துக்கொள்வதற்கு அனுமதியாகவே பார்த்தேன். இப்போது அதிலே வேறொரு பயனைக் காண்கிறேன்.

என் மேசையருகே இப்போது இன்னொரு கதிரை இருக்கிறது. பெற்றார் வந்தால் முதலில் இருக்கச் சொல்கிறேன். பிள்ளையை ஏதாவது சொல்லி வகுப்புக்கு அனுப்பிவிடுகிறேன். அவர்கள் கேட்கும் முதற் கேள்விக்குச் சுருக்கமாக விடை சொல்கிறேன். அதன்பின் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: "வழியில வரேக்க என்ன கேக்கவேணும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?"

சிலர் சிரிப்பார்கள். சிலர் "ஒண்டுமில்லை சேர்" என்று எழுந்து போவார்கள். அண்மையிலே ஒரு தந்தையார், "ஏன் சேர் இவனுக்குப் படிப்பில கவனமில்லை?" என்று கோபமாகத் தொடங்கியவர், இந்தக் கேள்வியைக் கேட்டதும் சற்று நேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கரும்பலகையில எழுதுறது தெரியேல்லை எண்டு தாயிட்டச் சொன்னவனாம். கண்ணாடி வாங்கித் தர யாரும் இருக்கினமோ சேர்?" என்று கேட்டார்.

அதற்கு விடை என்னிடம் இருந்தது.